தீட்டும் தொற்றும்: ஒரு செவிலியின் புதிய வேலை

(பண்டிதர் அயோத்திதாசர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் எனக்கு முன் பேசியவர்கள் பேராசிரியர்கள், எழுத்தாளர்கள், வழக்கறிஞர்கள். நான் அரசு மருத்துவமனை ஒன்றில் செவிலி. மன்றத் தோழர் போனில் அழைத்தபோது, "பண்டிதரைப் பற்றி ஆய்வு செஞ்சு பேச எனக்குத் தெரியாதுங்க" என்றேன். "அவரும் வைத்தியம் பார்த்தவர்தானே, நீங்க உங்க வேலையைப் பத்திப் பேசுங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்தின் தைரியத்தில்தான் இங்கே நிற்கிறேன்.

பண்டிதர் 1845இல் பிறந்து 1914இல் மறைந்தார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். ஓராண்டில் அது 'தமிழன்' ஆனது. இவையெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் சித்த வைத்தியர் என்பதுதான் என்னை அவரிடம் இழுத்தது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு இன்று அவர் பெயர் இருக்கிறது. தீண்டத்தகாதவர் என்று ஊர் சொன்ன சமூகத்தில் பிறந்த ஒருவர் வைத்தியம் பார்த்தார் என்றால், நாடி பிடித்திருப்பார். நாடி பிடித்தார் என்றால், பல பேருடைய மணிக்கட்டைத் தொட்டிருப்பார். நோய் வந்தவன் அந்தக் கையைத் தேடி வருகிறான். நோய் போன பிறகு அந்தக் கைக்கு அவன் என்ன பெயர் வைத்தான் என்பதில்தான் நம்முடைய வரலாறு இருக்கிறது.

நான் பேசப்போவதும் கையைப் பற்றித்தான்.

1. ஆயாவின் கை

என் ஊர் திண்டிவனத்துக்குப் பக்கம். காலனி. என் அப்பாவைப் பெற்ற ஆயா மருத்துவச்சி. ராத்திரி எந்நேரமானாலும் ஊரிலிருந்து ஆள் வரும். வருகிற ஆள் காலனிக்குள் வரமாட்டான். ரோட்டு முனையில் நின்று ஆயாவின் பெயரைச் சொல்லிக் கத்துவான். ஆயா எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவன் பின்னால் பத்தடி தள்ளி நடந்து போவாள்.

அந்த வீட்டுக்குள் பின்வாசல் வழியாகப் போவாள். பிள்ளையை எடுப்பாள். கொடியை அறுப்பாள். நஞ்சைப் புதைப்பாள். ரத்தத் துணியைத் துவைப்பாள். தாய்க்கும் பிள்ளைக்கும் தீட்டுக் கழிக்கிற நாள்வரை அந்த வீட்டுக்குள் போய்வர அவளுக்கு அனுமதி உண்டு. தீட்டுக் கழித்த மறுநாளிலிருந்து வாசலோடு சரி. ஒரு மரக்கால் நெல், ஒரு பழம்புடவை, வெற்றிலை பாக்கு. அவள் கையில் விழுந்த பிள்ளையே ஐந்து வயதில் அவளைப் பெயர் சொல்லி, "இங்க வாடி" என்று கூப்பிட்டதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

ஆயாவைப் புனிதமாக்கிப் பேச நான் வரவில்லை. அவள் கையில் பிள்ளைகள் செத்தும் இருக்கின்றன. பிறந்து ஒரு வாரத்தில் வாய் இறுகி, பால் குடிக்க முடியாமல், உடம்பு வில்லாக வளைந்து செத்துப்போன பிள்ளைகளைப் பற்றி அவளே சொல்லியிருக்கிறாள். அது ரணஜன்னி என்று எனக்கு நர்சிங் படிக்கும்போதுதான் தெரிந்தது. எதனால் கொடியை அறுக்க வேண்டும், கையை எப்படிக் கழுவ வேண்டும் என்று அவளுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை. அந்தக் கையைத் தீட்டு என்று சொல்ல ஊருக்கு ஆயிரம் வாய் இருந்தது. அந்தக் கைக்கு ஒரு சோப்புக் கட்டி கொடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

இதே காலக் கணக்கில் உலகத்தின் இன்னொரு மூலையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பண்டிதர் பிறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1847இல், வியன்னா பொது மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் ஒரு கணக்கைப் பார்த்துத் திகைத்துக்கொண்டிருந்தார். அங்கே இரண்டு பிரசவ வார்டுகள். ஒன்றில் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். இன்னொன்றில் மருத்துவச்சிகள் பார்த்தார்கள். மருத்துவர்கள் பார்த்த வார்டில் பிரசவித்த 100 பெண்களில் சுமார் 10 பேர் செத்தார்கள். மருத்துவச்சிகள் பார்த்த வார்டில் அதில் பாதிகூட இல்லை. காரணம், மருத்துவர்கள் பிணத்தை அறுத்துப் பாடம் படித்துவிட்டு, அதே கையோடு பிரசவ வார்டுக்கு வந்தார்கள். குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கையைக் கழுவச் சொன்னார் அவர். சாவு சட்டென்று குறைந்தது. ஆனாலும் பெரிய மருத்துவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. தங்கள் கை அழுக்கு என்று ஒருவன் சொல்வதா? 1865இல் செம்மல்வைஸ் மனநல விடுதியில் இறந்துபோனார்.

உலகத்தின் எந்த மூலையிலும் மேலே இருக்கிற கை, தன்னைச் சுத்தம் என்றே நம்புகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறேன்.

2. ஊசியை எண்ணிய இடம்

நான் நேராக நர்சிங்குக்கு வந்தவள் இல்லை. 1998இல் பிளஸ் டூ முடித்தேன். இடம் கிடைக்கவில்லை. சென்னைப் புறநகரில் ஓர் ஏற்றுமதித் துணி கம்பெனியில் செக்கிங் பிரிவில் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். பத்து மணி நேரம் நின்றுகொண்டே சட்டைகளைப் புரட்டிப் பார்க்கிற வேலை. பாத்ரூம் போக டோக்கன்.

அங்கே ஒரு விதி இருந்தது. தையல் மெஷினில் ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, ஒரு நோட்டில் செலோடேப் போட்டு ஒட்டி, தேதி, மெஷின் நம்பர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முனைத்துண்டு ஒன்று குறைந்தால்கூட அந்த லைன் நிற்கும். எல்லோரும் தரையில் குப்புறப் படுத்துக் காந்தத்தை வைத்துத் தேடுவோம். அந்தச் சட்டையைப் போடப்போகிற வெளிநாட்டுக் குழந்தையின் தோலில் அந்த முனை குத்திவிடக் கூடாது. அதற்காக அந்த விதி. அந்த நோட்டு என் வாழ்க்கையில் திரும்ப வரும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

2000இல் டிப்ளமோ நர்சிங்கில் இடம் கிடைத்தது. படித்து முடித்து ஒரு தனியார் மருத்துவமனை. அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஐந்து வருஷம் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தேன். தொழில் கற்றது அங்கேதான். நடுவில் நின்றால் பாண்டுப் பணம் கட்ட வேண்டும் என்பதையும் அங்கேதான் கற்றேன்.

2008இல் சவூதி போனேன். நான்கு ஆண்டுகள். என் வார்டில் ஃபிலிப்பைன்ஸ் நாட்டு மூத்த நர்ஸ் ஒருவர் இருந்தார். பெரிய மருத்துவர் கையைச் சுத்தம் செய்யாமல் நோயாளியைத் தொடப் போனால், எதுவும் பேசமாட்டார். கிருமிநாசினி பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் சிரித்தபடி நீட்டுவார். அவரும் சிரித்துவிட்டுக் கையை நீட்டுவார். சொல்வதை எப்படிச் சொல்வது என்பதில் பாதி வேலை இருக்கிறது என்று அவரிடம் கற்றேன்.

திரும்பி வந்தபோது கைக்குழந்தை. இரவுப் பணி முடியாது. ஒரு மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பு பார்க்கிற வேலை. கேஸ் ஷீட்டில் எழுதாதது நடக்காதது என்பதே அங்கே சட்டம். மூன்று ஆண்டுகள் நோயாளியின் முகத்தையே பார்க்காமல் நோயைப் படித்தேன். பிறகு 2015இல் அரசுத் தேர்வு எழுதி, தொகுப்பூதியத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தேன். மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் எங்களைப் போன்ற செவிலியர்கள் சென்னையில் ஆயிரக்கணக்கில் திரண்டு போராடியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி.

அந்த நிலையத்தில்தான் நான் முதன்முதலாகத் தனியாகப் பிரசவம் பார்த்தேன். விடியற்காலை நான்கு மணி. பிள்ளை வழுக்கிக்கொண்டு என் கைக்குள் வந்தது. ஆயா செத்துப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. கையைக் கழுவிக்கொண்டே அழுதேன். எனக்குச் சோப்பு இருந்தது, ஓடுகிற தண்ணீர் இருந்தது, உறை இருந்தது. அவளுக்கு இருந்த கை மட்டும் அப்படியே என்னிடம் இருந்தது.

3. எட்டி நின்ற ஆண்டுகள்

இனி சொல்லப்போவதை எழுதி வைத்துக்கொண்டு, இரண்டு முறை அடித்துவிட்டு, மூன்றாம் முறை எழுதினேன்.

இத்தனை வேலைகளிலும் நான் என் ஊரைச் சொன்னதில்லை. "நீங்க எந்த ஊரு சிஸ்டர்?" என்றால் "திண்டிவனம் பக்கம்." "திண்டிவனம் பக்கம் எங்க?" என்றால் போன் வந்ததுபோல எழுந்துவிடுவேன். உங்களில் பாதிப் பேருக்கு இந்தக் கேள்வி தெரியும். இந்தப் பதிலும் தெரியும்.

மருத்துவமனையில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. மருத்துவர் நோயைத் தொடுவார். செவிலி நோயாளியைத் தொடுவாள். நோயாளியின் உடம்பிலிருந்து வெளியே வருவதை, அது ரத்தமோ மலமோ சீழோ, தூய்மைப் பணியாளர் தொடுவார். படி இறங்க இறங்கச் சம்பளமும் இறங்கும், மரியாதையும் இறங்கும். கடைசிப் படியில் நிற்பவர்களில் பெரும்பாலோர் நம் ஜனங்கள். இப்போது அவர்களில் பலர் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். அண்ணல் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே வார்டில் பார்த்துவிட்டேன்.

அந்தப் படிக்கட்டில் ஒரு படி மேலே நிற்கிற எனக்கு, கீழ்ப்படியைப் பார்க்கப் பயம். அவர்களோடு உட்கார்ந்து டீ குடித்தால் என்னையும் தெரிந்துவிடும் என்று பயம். அம்மா வயதுப் பெண்ணை "ஏம்மா, இங்க வா, இதத் துடை" என்று கூப்பிட்டிருக்கிறேன். இரவுப் பணியில் வேலை குவிகிறபோது ஊசிக்கு மூடி போட்டு, கைக்கு எட்டிய பையில் எறிந்திருக்கிறேன். எந்தப் பை என்று பார்த்ததில்லை. அதைக் கட்டித் தூக்கப்போகிற கையை நினைத்ததில்லை. எவனோ ஒருவன் ரோட்டு முனையில் நின்று ஆயாவின் பெயரைக் கத்தினான் என்று இன்றுவரை எனக்குக் கோபம். நான் வார்டின் முனையில் நின்று கத்தியதற்கு யார் கோபப்படுவது?

4. புதிய நாற்காலி

போன வருஷம் என்னைத் தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியாகப் போட்டார்கள். ஒரு சின்ன அறை, ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஏழு பதிவேடுகள். இனிமேல் எனக்கென்று நோயாளி கிடையாது. மருத்துவமனை முழுவதும் என் நோயாளி.

வேலை என்னவென்றால், மருத்துவமனைக்கு வந்த பிறகு, மருத்துவமனையாலேயே ஒருவருக்குத் தொற்று வராமல் தடுப்பது. சிறுநீர்க் குழாய் போட்டவருக்குக் காய்ச்சல் வந்ததா, வெண்டிலேட்டரில் இருப்பவருக்கு நிமோனியா வந்ததா, அறுவை செய்த புண் சீழ் பிடித்ததா என்று தினமும் கணக்கெடுக்க வேண்டும். யார் எப்போது கையைச் சுத்தம் செய்கிறார்கள் என்று பார்த்துக் குறிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் ஐந்து தருணங்களைச் சொல்கிறது: நோயாளியைத் தொடும் முன், சுத்தமான செயல்முறை செய்யும் முன், உடல் திரவம் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், நோயாளியைச் சுற்றியுள்ள பொருளைத் தொட்ட பின். கிருமிநாசினி என்றால் 20 முதல் 30 வினாடி. சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 வினாடி.

முதல் மாதம் பெரும் வேதனை. நோட்டோடு நான் வார்டுக்குள் போனாலே பேச்சு நிற்கும். நேற்றுவரை என்னோடு சாப்பாட்டுப் பெட்டியைப் பிரித்துச் சாப்பிட்டவர்கள், "வந்துட்டாங்கப்பா சி.பி.ஐ." என்றார்கள். ஒரு மருத்துவரிடம், "சார், ஹேண்ட் ரப்" என்று சொன்னதற்கு, "எத்தன வருஷமா நான் டாக்டர் தெரியுமா?" என்றார். வியன்னா ஞாபகம் வந்தது. நாற்பத்து மூன்று வயதில் எக்ஸெல் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. பள்ளியில் படிக்கிற என் மகள்தான் சொல்லிக்கொடுத்தாள். இரவில் படுத்தால், திரும்ப வார்டுக்கே போய்விடலாம், பத்து நோயாளிக்கு ஊசி போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வரலாம் என்று தோன்றும். செய்த வேலை கண்ணுக்குத் தெரியாத வேலை இது. வராமல் போன தொற்றுக்கு யார் நன்றி சொல்வார்?

கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய வேலைகள் கைகொடுத்தன. ஃபிலிப்பைன்ஸ் அக்காவைப் போலப் பாட்டிலை நீட்டினேன். காப்பீட்டு அலுவலகப் பழக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். எழுதியதை வரைபடமாக்கிக் கூட்டத்தில் காட்டியபோது, திட்டிய மருத்துவரே, "என் வார்டு ஏன் சிவப்புல இருக்கு?" என்று கேட்டார். ஆனால் வேலையின் நடு மையம் எங்கே இருக்கிறது என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை. அதை ஒரு மஞ்சள் பை காட்டியது.

5. மஞ்சள் பை

2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி கழிவு நான்கு நிறம். மஞ்சளில் ரத்தம் பட்ட பஞ்சு, கட்டு, உடல் பாகம். சிவப்பில் குழாய், ஊசியில்லாத சிரிஞ்சு போன்ற பிளாஸ்டிக். குத்தினாலும் துளைக்காத வெள்ளைப் பெட்டியில் ஊசி, பிளேடு. நீலத்தில் கண்ணாடி. மஞ்சள் பையில் ஊசி இருக்கவே கூடாது.

ஒரு நாள் காலை பதினொரு மணி இருக்கும். கழிவு அறைப் பக்கம் போனேன். ஒரு தூய்மைப் பணியாளர், ஐம்பது வயதுக்கு மேல், கட்டைவிரலைச் சேலைத் தலைப்பால் சுற்றி அழுத்திக்கொண்டு நின்றார். என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல சிஸ்டர், லேசா கீறிடுச்சு." மஞ்சள் பையைத் தூக்கும்போது உள்ளே இருந்த ஊசி குத்தியிருக்கிறது. எப்போது? காலை ஆறரைக்கு. யாரிடம் சொன்னீர்கள்? மேஸ்திரியிடம். மேஸ்திரி டெட்டால் போட்டுக் கழுவச் சொல்லியிருக்கிறார். "வெளிய சொன்னா, உனக்கு வேலை செய்யத் தெரியலன்னு ஆள மாத்திடுவாங்க" என்றும் சொல்லியிருக்கிறார்.

மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால், அந்த ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி இருந்து, குத்துப்பட்டவர் தடுப்பூசி போடாதவராக இருந்தால், 100க்கு 30 வரை தொற்ற வாய்ப்பு. ஹெபடைடிஸ் சி என்றால் 100க்கு சுமார் 2, 3. எச்.ஐ.வி. என்றால் 1,000க்கு சுமார் 3. குத்திய இடத்தைப் பிதுக்கக் கூடாது. சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும். எச்.ஐ.வி.க்கான தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை. 28 நாள் சாப்பிட வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: இன்று, ஒரு மாதம், ஆறு மாதம். கழிவைக் கையாளுகிற எல்லோருக்கும் அந்தத் தடுப்பூசி போட வேண்டும் என்று அதே 2016 விதிகள் சொல்கின்றன. ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேண்டாம் என்று அதில் எங்கேயும் எழுதியில்லை.

நான் பதிவேட்டைப் புரட்டினேன். மருத்துவர்கள் பெயர் இருந்தது. செவிலியர்கள் பெயர் இருந்தது. என் பெயர் இருந்தது, மூன்று தவணையும் தேதியோடு. கழிவைத் தூக்குகிற கைகள் ஒன்றின் பெயரும் இல்லை.

அந்த அம்மாவைக் கையோடு அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போனேன். மருந்து தொடங்கினோம். ரத்தம் எடுத்தோம். காத்திருந்த நேரத்தில் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர்தான் கேட்டார்: "நீங்க எந்த ஊரு சிஸ்டர்?"

"திண்டிவனம் பக்கம்."

"பக்கம்னா?"

ஊர்ப்பெயரைச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அந்தக் கேள்வி அவர் வாயில் வந்து நிற்பது தெரிந்தது. அவரும் கேட்கப் பயப்பட்டார்.

"காலனிம்மா" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எங்க சின்னம்மாவ அங்கதான் குடுத்திருக்கு" என்றார். பிறகு, குத்துப்படாத கையால் என் முழங்கையைத் தொட்டு, "இந்த மாத்திர சாப்ட்டா வாந்தி வருமா?" என்றார். வரும் என்றேன். வந்தாலும் விடக் கூடாது என்றேன். 28 நாளும் சாப்பிட்டார். ஆறு மாதப் பரிசோதனையிலும் தொற்று இல்லை.

அந்த ஊசியை எறிந்தது யார் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. எறிந்தது ஒரு செவிலியாக இருக்கலாம். மாற்று ஷிஃப்டில், வேறு வருஷத்தில், நானாக இருந்திருக்கலாம். அன்று இரவு துணி கம்பெனியின் நோட்டு நினைவுக்கு வந்தது. முகம் தெரியாத ஒரு வெளிநாட்டுக் குழந்தைக்காக உடைந்த முனையைத் தரையில் படுத்துத் தேடினோம். இங்கே நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான ஊசிகளைப் பயன்படுத்துகிறோம். ஒன்று எங்கே போனது என்று யாரும் தரையில் படுக்கவில்லை. துணிக்கு இருந்த விதி தோலுக்கு இல்லை.

6. தீட்டு வேறு, தொற்று வேறு

கொரோனா காலத்தில் ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். நம் முன்னோர்கள் எட்டி நின்றதும், வாசலில் கால் கழுவியதும் இதற்குத்தான், தீண்டாமையில் ஒரு விஞ்ஞானம் இருந்தது என்று. படித்தவர்கள், மருத்துவத் துறையில் இருந்தவர்களே அதை அனுப்பினார்கள். அப்போது கவச உடைக்குள் வியர்வையில் ஊறிக்கொண்டு, பதில் சொல்ல நேரமில்லாமல் இருந்தேன். இப்போது என் வேலையே அந்தப் பதில்தான்.

தொற்றுக்கு நாள் கணக்கு உண்டு. தனிமைப்படுத்தினால் இத்தனை நாள், பரிசோதனையில் இல்லை என்றால் வெளியே வா. தீட்டுக்கு நாள் கணக்கு கிடையாது. பிறந்ததிலிருந்து சுடுகாடுவரை, சுடுகாடும் தனி. தொற்று, நீ என்ன செய்தாய் என்று கேட்கும்: கையைக் கழுவினாயா, உறையை மாற்றினாயா? தீட்டு, நீ யார் என்று கேட்கும். தொற்றைச் சோப்பு கழுவும். தீட்டை எந்தச் சோப்பும் கழுவாது. ஏனென்றால் அங்கே கழுவ ஒன்றும் இல்லை.

இன்னொரு வித்தியாசம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தீட்டு பார்க்கிறவன், உன் கையிலிருந்து என்னைக் காப்பாற்றிக்கொள்கிறேன் என்கிறான். நாங்கள் நோயாளியைத் தொடும் முன் கையைச் சுத்தம் செய்வது எதற்கு? என் கையிலிருந்து உன்னைக் காப்பாற்ற. முதலில் சந்தேகப்பட வேண்டியது என் கையை. சாதி இதை ஒருநாளும் சொல்லாது. சாதிக்குத் தன் கை எப்போதும் சுத்தம்.

நமக்கு இதில் ஒரு முன்னோடி உண்டு. 1897இல் புனே பகுதியில் பிளேக் பரவியபோது சாவித்திரிபாய் புலே நோயாளிகளைத் தேடித் தேடித் தன் மகன் யஷ்வந்தின் மருத்துவ முகாமுக்குக் கொண்டுவந்தார். அந்தப் பணியிலேயே தொற்று வந்து, அந்த ஆண்டு மார்ச் 10 அன்று இறந்தார். தொற்று இருப்பது தெரிந்தும் தொட்டவர் அவர். தொற்றே இல்லாதவர்களைத் தொட மறுத்தது இந்தச் சமூகம். தியாகத்தைப் போற்றுவோம். ஆனால் இன்று ஒருவரும் அப்படிச் சாக வேண்டியதில்லை. உறை இருக்கிறது, தடுப்பூசி இருக்கிறது, மருந்து இருக்கிறது. இருப்பது யார் கைக்கு முதலில் போய்ச் சேருகிறது என்பதுதான் கேள்வி. மிக மெல்லிய, ஒருமுறை போட்டு எறிகிற உறை எங்களுக்கு. கழிவைத் தூக்குகிறவருக்கு வேண்டியது அந்த உறை இல்லை. முழங்கைவரை வருகிற கனமான உறை வேண்டும், மூடிய காலணி வேண்டும். அவருக்கும் மெல்லிய உறையையே கொடுத்துவிட்டு, கொடுத்தாயிற்று என்று கையெழுத்து வாங்குகிறோம். அதற்குப் பெயர் பாதுகாப்பு இல்லை, பதிவேடு.

7. ஒரு குழாயடி

என்ன நடந்தது என்று சொல்லி முடிக்கிறேன். எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் பொய். தடுப்பூசிப் பட்டியலில் தூய்மைப் பணியாளர்கள் பெயர் ஏறியது. இரண்டு தவணை முடிந்திருக்கிறது. மூன்றாம் தவணைக்குள் ஒப்பந்தக்காரர் ஆளை மாற்றிவிடுகிறார். புதியவருக்குத் திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறேன். ஊசிக் குத்துப் பதிவேட்டை என் அறையில் வைத்தேன். சொன்னவர் வேலை போகாது என்று கண்காணிப்பாளர் கையெழுத்தோடு ஒரு சுற்றறிக்கை வாங்கினேன். அதன் பிறகு குத்துக் கணக்கு ஏறியது. கூட்டத்தில், "நீங்க வந்தப்புறம் அதிகமாயிடுச்சே" என்றார்கள். "அதிகமானது குத்து இல்ல சார், சொல்றது" என்றேன்.

கழிவு அறைக்கு வெளியே கைகழுவ ஒரு குழாய் இல்லை. மருத்துவமனை முழுக்கக் கைகழுவும் படம் ஒட்டியிருக்கிறது. மிக அழுக்கான வேலை செய்கிறவர்கள் கைகழுவ இரண்டு கட்டடம் தாண்டிப் போக வேண்டும். போனாலும் அங்கே "இங்க கழுவாத" என்பார்கள். நான்கு மாதம் கடிதம் எழுதினேன். எட்டுக் கடிதம். கடைசியில் குழாய் வந்தது. ஒரு சிமெண்டுத் தொட்டி, ஒரு குழாய், ஒரு சோப்புத் தட்டு. இருபத்தைந்து வருஷத்தில் நான் செய்த பெரிய வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

தோழர்களே, நீங்கள் போராட்டம் நடத்துகிறவர்கள், மனு எழுதத் தெரிந்தவர்கள். உங்கள் ஊர் மருத்துவமனைக்குப் போகும்போது நான்கு கேள்வி கேளுங்கள். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்ட பதிவேடு இருக்கிறதா? அவர்களுக்குக் கனமான உறையும் மூடிய காலணியும் இருக்கின்றனவா? ஊசி குத்தினால் இரவு இரண்டு மணிக்கும் மருந்து கிடைக்குமா? கழிவு அறைக்குப் பக்கத்தில் கைகழுவத் தண்ணீர் இருக்கிறதா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.

மாணவிகளுக்கு ஒன்று. நர்சிங் படிக்கிறவர்கள் இங்கே சிலர் இருப்பீர்கள். வேலையில் சேர்ந்ததும், எந்த ஊர் என்ற கேள்வி வரும். என்னைப் போல இருபது வருஷம் போன் வந்ததுபோல எழுந்து போகாதீர்கள். உங்களால் அன்றைக்குச் சொல்ல முடியாமல் போகலாம். அதற்காக உங்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் கீழ்ப்படியில் நிற்கிற அம்மாவை "ஏம்மா இங்க வா" என்று மட்டும் கூப்பிடாதீர்கள். உங்கள் ஊசியை வெள்ளைப் பெட்டியில் நீங்களே போடுங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.

புதிய வேலை பழகிவிட்டதா என்று வீட்டில் கேட்கிறார்கள். பழகிவிட்டது. காலையில் முதல் வேலையாகக் கழிவு அறைப் பக்கம் போகிறேன். அந்த அம்மா குழாயடியில் கைகழுவிக்கொண்டிருப்பார். நாற்பது வினாடி ஆகிறதா என்று நான் எண்ணுவது அவருக்குத் தெரியும். என்னைப் பார்த்ததும், விரலிடுக்கெல்லாம் தேய்த்துக் காட்டிவிட்டு, "எண்ணிட்டியாம்மா?" என்பார். இப்போதெல்லாம் சிஸ்டர் என்று கூப்பிடுவதில்லை. பிறகு இரண்டு பேரும் அங்கேயே நின்று டீ குடிக்கிறோம்.